குச்சி ஐஸ் வைத்தியம்

ஒரகடம் கூட்ரோட்டில் வெயிலுக்குப் பயப்படாத ஆள் ஒருத்தர்தான்: கார் ஏசி மெக்கானிக் குச்சி ஐஸ். பெற்றவள் வைத்த பெயர் அந்த மகராசிக்கே மறந்திருக்கும்.

ஏசி குளிரவில்லை என்று யார் வந்தாலும் மனுஷன் முதலில் பானெட்டைத் திறக்க மாட்டார். ஒரு குச்சி ஐஸ் வாங்கி வரச் சொல்வார். காருக்குள் காற்று வருகிற இடத்தில் அதைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலை மூடி, கண்ணையும் மூடி உட்காருவார். ஐஸ் மளமளவென்று உருகினால் வண்டிக்கு வியாதி. உருகாவிட்டால் ஓனருக்கு வியாதி. எப்படியும் ஐஸ் அவர் வாய்க்குத்தான்.

போன சித்திரையில் என் மகன் சேகர் புது கார் எடுத்தான். ஒரு கம்பெனி மேனேஜரைக் குன்றத்தூரிலிருந்து தினம் கூட்டி வருகிற வேலை. ஒரே வாரத்தில் ஏசி அனல் ஊத ஆரம்பித்தது. "நாளைக்கும் இப்படியே இருந்தா வேற வண்டி பாத்துக்கறேன்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். சேகருக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு இறங்கியது, ருசிதான் தெரியவில்லை.

சேகர், மருமகள் ஜோதி, நான், மூன்று பேரும் வண்டியோடு போய் நின்றோம். ஐஸ் உருகி அவர் லுங்கியெல்லாம் ஆரஞ்சு கலர்.

"இன்னாயா இது, ஏசியா, இட்லி குண்டானா?"

இறங்கி மீட்டர் மாட்டினார். காரிடமே பேச்சு: "கேஸ் ஃபுல்லா கீது. கம்ப்ரஸர் ஓடுது, ஃபேன் சுத்துது. அப்பால இன்னாத்துக்குடா அழுவுற?" பானெட்டில் காதை வைத்துக்கொண்டு, ரோட்டில் போன கன்டெய்னர் லாரியை "சும்மா இர்றா!" என்று அதட்டினார்.

அப்புறம்தான் வண்டிக்கு முன்னால் போய் நின்றார். முறம் அகலத்துக்கு ஒரு முகம் அவரை முறைத்தது. கோரைப்பல், தொங்கும் நாக்கு, முறுக்கு மீசை.

"யார்மா இவுரு?"

"திருஷ்டி பொம்மைண்ணா" என்றாள் ஜோதி. "புது வண்டியாச்சே, ஊர் கண்ணெல்லாம் இதும்மேலதான்."

"ஏசியோட சூடு வெளிய போவணும்னா முன்னாடிலேர்ந்து காத்து பூரணும். மொத்தக் காத்தையும் இவுரே முழுங்கிக்கினு கீறாரு. கழட்டு."

"மாட்டேன். ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்களா வந்து நிப்பீங்க?"

"ஏசிக்கு ஆச்சுன்னா நான்தாம்மா வரணும்!"

சேகர் தலையில் கை வைத்துக்கொண்டான். குச்சி ஐஸ் தாடையைச் சொறிந்தார்.

"தங்கச்சி, எதுக்கால வர்றவன் ஒரு பார்வ பாத்துட்டு போய்க்கினே இருப்பான். கூட்ரோட்டு ஜாம்ல பின்னாடி நிக்கறவன்? உன் வண்டியவே வெறிச்சிக்கினு நிப்பான். எவன் கண்ணு பொல்லாதது?"

ஜோதி யோசித்தாள். நானும் யோசித்தேன். நியாயந்தானே!

பொம்மை பின்னால் டிக்கிக்குப் போனது. மறுபடி காற்றில் பிடித்துப் பார்த்த இரண்டாவது ஐஸைப் பல்லால் கடித்துத்தான் தின்றார்.

மறுநாள் மேனேஜர், "கொஞ்சம் கொறப்பா, காது வலிக்குது" என்றாராம். சொல்லும்போது சேகருக்கு வாயெல்லாம் பல். சாயங்காலம் என்னையும் ஏற்றிக்கொண்டு கடைக்கே போனான். குச்சி ஐஸ் அப்போதுதான் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஏறுங்கண்ணா, வூட்ல வுடறேன்."

"எதுனா பிரச்சனையா?"

"ஒண்ணுமில்ல. சும்மா உக்காருங்க."

சும்மா உட்காரச் சொன்னதும் மனுஷனுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியில் வைத்தார். கூட்ரோடு தாண்டுவதற்குள் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டார்.

அவர் வீட்டு வாசல் வந்தது. சேகர் எழுப்பத் திரும்பினான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சிங்கப்பெருமாள் கோயில் வரிக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வா" என்றேன். "பள்ளம் பாத்து ஓட்டு."