குறை கேட்கும் பிரிவில் ஒரு கவனப் பயிற்சி

கண்ணுக்கு இமை வைத்த கடவுள் காதுக்கு மூடி வைக்க மறந்துவிட்டார். அந்தத் தெய்வீகப் பிழையைத் திருத்திய பெருமை, திருவனந்தபுரத்தில் நான் பணியாற்றும் 'பொதுமக்கள் குறை கேட்கும் பிரிவு'க்கே உரியது.

எங்கள் சூப்பிரண்டு அனந்தபத்மநாபன், கரமனைக்காரர். கேன்டீனில் வடை எண்ணெயில் விழும் ஓசை மூன்று அறை தாண்டி அவர் செவிக்கு எட்டும். எதிரே நிற்பவரின் மனு எட்டாது. இத்திறமைக்குத் 'தேர்ந்தெடுத்த கவனம்' என்று பெயராம். அதை மேலும் கூர்மையாக்கவே பயிற்சியாளர் ஸ்ரீலக்ஷ்மி வந்தார்.

"ஒரு பிரசங்கம் போடுவேன். அதுல 'சேவை'ங்கற வார்த்தை எத்தனை தடவை வருதுன்னு எண்ணணும். அது மட்டும் மதி, வேற ஒண்ணும் வேண்டாம்."

பயபக்தியோடு எண்ணத் தொடங்கினோம். பாதியில் கதவைத் தள்ளிக்கொண்டு சுடலைமாடத்தி வந்தாள். தென்காசிப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தவள்.

"சாரே, நாங்க தங்குத ஷெட்டுப் பக்கம் மதில் சாயுது. மூணு மட்டம் வந்து சொல்லியாச்சு. சின்னப் புள்ளைய அதுக்கடியில கெடக்குதுவ சாரே!"

"பதினாலு" என்றார் சூப்பிரண்டு.

மேசை மேசையாகப் போய்ச் சொன்னாள். சபீனா மேடம் கண்களை இறுக மூடிக்கொண்டார். கவனம் சிதறலாமோ? கடைசியாக என் மேசையிலும் சொல்லிவிட்டுச் சுடலைமாடத்தி போய்விட்டாள்.

"இருபத்திமூணு!" சூப்பிரண்டின் விடை சரி. கைதட்டல்.

"நடுவுல ஒரு ஸ்திரீ வந்தாளே, கண்டேளா?" என்று கேட்டார் ஸ்ரீலக்ஷ்மி.

"ஆரும் வரலையே!" சூப்பிரண்டு வியந்தார். "ஓ, பயிற்சியோட பாகமாக்கும்! நடிகையை எங்கேந்து பிடிச்சேள்?"

"நான் ஆரையும் கூட்டிண்டு வரலை சார். அவ உங்களைத் தேடித்தான் வந்தா."

இது யார் காதிலும் விழவில்லை. வடை வந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் மதில் விழுந்தது. அதற்குமுன் பிள்ளைகளை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே விட்டவள் சுடலைமாடத்திதான். கடைசிப் பிள்ளையோடு வரும்போது அவள் கை நசுங்கியது.

விசாரணையில் 'முன்னறிவிப்பு ஏதும் பெறப்படவில்லை' என்று அனைவரும் ஒருமனதாகக் கையெழுத்திட்டோம். வெளியே வந்தபோது, கட்டுப்போட்ட கையோடு அவள் என்னை மறித்தாள்.

"அன்னைக்கு நான் சொல்லச் சொல்ல, நீங்க ஒருத்தருதான் தலையாட்டுனிய. கேட்டுட்டாவன்னு நம்பித்தான போனேன்."

"அது எண்ணிக்கைக்கு ஆட்டினது" என்றேன்.

அன்று அவள் வாய் திறந்த கணத்திலேயே எனக்கு எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது.