வயரில்லாத மாப்பிள்ளை

அருள்குமார் மவுஸைக் கவிழ்த்துப் போட்டு, அதன் வயிற்றுக்குள் இருந்த ரப்பர் உருண்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் தரகர் செங்கோட்டையன் அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டார். காங்கேயத்துப் பெண் வீட்டுக்காரர்கள் வருகிற வெள்ளிக்கிழமை காரமடைக் கோயிலுக்குப் போகிறார்களாம். போகிற வழியில், மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கும் மாப்பிள்ளையின் கடையையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போவார்களாம்.

"வரட்டுங்க. கடையைக் கூட்டிப் பெருக்கிச் சுத்தமா வெச்சுப்போடறேன்" என்றான் அருள்குமார்.

"கடையை உடுங்க மாப்ள. அவங்க உங்க மவுஸைப் பாக்கத்தான் வாராங்க."

கதை இதுதான். காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் அப்புசாமி, தன் ஒரே மகள் லோகப்பிரியாவுக்கு இரண்டு ஜாதகங்களைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறிக்கொண்டிருந்தார். ஒருவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்ப்பவன். இன்னொருவன் கோயமுத்தூரில் டிடிபி சென்டர் வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் நம் அருள்குமார். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஏறக்குறைய ஒரே அளவு தோட்டம், ஒரே மாதிரி மீசை. ரெண்டு பேருக்கும் என்னதானுங்க வித்தியாசம் என்று அவர் நெருக்கிக் கேட்டபோது, பதில் தெரியாத தரகர் எங்கேயோ பேப்பரில் பார்த்ததை எடுத்து வீசிவிட்டார். திருப்பூர்ப் பையனுடையது வயர் வைத்த மவுஸ், நம் பையன் வயரே இல்லாத மவுஸில் வேலை செய்கிறான்.

அப்புசாமி புதுசு என்றால் உயிரை விடுகிறவர். மாட்டுச் செக்கை எடுத்துவிட்டு அந்தப் பக்கத்திலேயே முதன்முதலாக மோட்டார் போட்டவர். அந்த ஒரு வார்த்தையில் திருப்பூர்ப் பையன் அரை அடி பின்னால் போய்விட்டான்.

அருள்குமாருக்கு இதற்கு முன்னால் வந்த நான்கு இடமும் தட்டிப்போயிருந்தன. ஒரு பெண்ணின் அப்பா, டிடிபி என்பது எத்தனை ஏக்கர் என்று கேட்டுவிட்டுப் போனார். அதையெல்லாம் அவன் தாங்கிக்கொண்டான். ஆனால் லோகப்பிரியாவின் போட்டோ வந்து ஒரு மாதமாக, அதை எழுத்துரு மாதிரிப் புத்தகத்துக்குள் வைத்து மணிக்கு ஒருதரம் புத்தகத்தைத் திறந்துகொண்டிருந்தான். இந்த இடமும் போனால் தாங்க மாட்டான்.

இரண்டு கடை தள்ளி கம்ப்யூட்டர் சாமான் விற்கும் நிஜாமிடம் ஓடினான். நிஜாம் கோட்டைமேட்டுக்காரர், அவனைவிடப் பத்து வயது மூத்தவர், கடை போட்ட நாளிலிருந்து பழக்கம். மச்சினன் சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்த வயரில்லாத மவுஸ் ஒன்று அவருடைய கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வருஷமாக வாங்க ஆளில்லாமல் கிடந்தது. காரியம் முடிந்ததும் திருப்பிக் கொடு என்று எடுத்துக் கொடுத்தார்.

பெட்டியைப் பிரித்தால் உள்ளே வயரோடு ஒரு குட்டி டப்பா.

"ஏனுங்க பாய், வயரில்லாத மவுஸுக்கு எதுக்குங்க வயரு?"

"மவுஸுக்கு இல்லை தம்பி. மவுஸ் சொல்றதைக் கேக்கற டப்பாவுக்குத்தான் வயரு."

இது அருள்குமாருக்குப் புரியவில்லை. ஆனாலும் டப்பாவை மானிட்டருக்குப் பின்னால் ஒளித்து வைத்து மாட்டினான். திரையில் மவுஸின் அம்பு நகர்ந்தது. ஐந்து நிமிடம் அழகாக நகர்ந்தது. அதற்குள் பக்கத்துக் கிரைண்டர் கடையில் நரசிம்மலு ஒரு வெட் கிரைண்டரை ஓட்டிக் காட்ட, அம்பு துள்ளிக் குதித்துத் திரையின் மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டது. கிரைண்டர் நின்றால் அம்பு வரும், ஓடினால் போய்விடும். வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் கிரைண்டர் ஓட்ட வேண்டாம் என்று நரசிம்மலுவிடம் கெஞ்சினான். ஆவணி முகூர்த்த நேரத்தில் சீர்வரிசைக்குக் கிரைண்டர் வாங்க வருகிறவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்கிறாயே, இது உனக்கே நியாயமா தம்பி என்று அவர் மிகுந்த மரியாதையோடு கேட்டார். நியாயமில்லைதான்.

பெட்டியோடு வந்த ஃபிளாப்பியைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார் நிஜாம். போட்டார்கள். புது மவுஸ் அடியோடு செத்தது. போன போக்கில் பழைய மவுஸையும் இழுத்துக்கொண்டு போனது. புதன்கிழமை முழுக்க நிஜாம் கம்ப்யூட்டரைப் பிரித்து மேய்ந்து, வியாழக்கிழமை மத்தியானம் பழைய மவுஸுக்கு மட்டும் உயிர் கொடுத்தார். வயரில்லாதது எதற்கும் அசையவில்லை. மூன்று காதணி விழாப் பத்திரிகைகள் அடிக்காமல் கிடந்தன. எதற்கு எது காரணம் என்று அருள்குமாருக்கு எதுவுமே விளங்கவில்லை, நிஜாமுக்கும் விளங்கவில்லை என்பதுதான் இதில் கூடுதல் பயம்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தரகரைக் கூப்பிட்டான். சொன்னால் பொண்ணும் போகும், என் தொழிலும் போகும் என்று தரகர் கண்கலங்கினார்.

கடைசியில் நிஜாம்தான் அந்த யோசனையைச் சொன்னார். கடையின் பின்பக்கம், பேப்பர்க் கட்டு வைக்கிற, பின்கதவு உள்ள சின்ன அறை. நடுவில் ஒரு துணித்திரை. பழைய மவுஸின் வயரோடு இன்னொரு வயரை இணைத்து நீளமாக்கி, தரையில் பாய்க்கு அடியில் விட்டு, திரைக்குப் பின்னால் கொண்டு போய்விடுவது. அங்கே நிஜாம் உட்கார்ந்து, திரையின் இடுக்கு வழியாக மானிட்டரையும் அருள்குமாரின் கையையும் பார்த்து மவுஸை நகர்த்துவார். அருள்குமார் முன்னால் உட்கார்ந்து செத்த மவுஸைப் பிடித்துப் பாவனை பண்ண வேண்டியது. ஒருதரம் இருமினால் மவுஸ் பொத்தானில் ஒரு தட்டு, இரண்டுதரம் இருமினால் இரண்டு தட்டு.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாம் தயார். பத்தரைக்குக் கார் வந்தது. அப்புசாமி கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தவர், கடிகாரத்தைப் பார்த்தார். காலை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். ராகு காலம் பிறந்துவிட்டதாம். பன்னிரண்டுக்கு மேல்தான் இறங்குவாராம்.

ஒன்றரை மணி நேரம் கார் வாசலில் நின்றது. அருள்குமார் டீ கொண்டு போனான். இருக்கட்டுங்க என்றார்கள். மறுபடி கொண்டு போனான். எதுக்குங்க சிரமம் என்றார்கள். நான்காவது தடவை வாங்கிக்கொண்டார்கள். பின் சீட்டில் பெண்ணின் அம்மா குழந்தையம்மாளுக்கு அந்தப் பக்கம் லோகப்பிரியாவின் ஒரு கையும் நாலு வளையலும் மட்டும் தெரிந்தன. அதைப் பார்த்ததே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

உள்ளே புழுக்கத்தில் நிஜாம் வெந்துகொண்டிருந்தார். "தம்பி, இன்னைக்கு ஜும்மா. பாங்கு சொல்லிட்டா நான் இருக்க மாட்டேன். மத்த நாளுன்னா சாயங்காலம் வரைக்கும்கூட உக்காந்திருப்பேன்."

"அதுக்குள்ள முடிஞ்சுருமுங்க பாய்" என்றான் அருள்குமார். அவனுக்கே நம்பிக்கையில்லை.

பன்னிரண்டு அடித்த பிறகுதான் அப்புசாமியும் தரகரும் உள்ளே வந்தார்கள். பெண்களை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். மழை பற்றியும் கொப்பரை விலை பற்றியும் இருபது நிமிடம் பேச்சு ஓடியது. பிறகு அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு, காட்டுங்க தம்பி என்றார்.

அருள்குமார் செத்த மவுஸை வலது பக்கம் தள்ளினான். அம்பு இடது பக்கம் போனது. அங்கே நிஜாமுக்கு வேர்வையில் கை வழுக்கியது. ஒருமுறை இருமினான், ஒன்றும் நடக்கவில்லை. இரண்டுமுறை இருமினான், மூன்று தட்டு விழுந்தது.

"தம்பிக்கு நெஞ்சுல சளிங்களாட்ட இருக்குது. சுக்குமல்லி போட்டுக் குடிங்க" என்றார் அப்புசாமி.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தெருப் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. அம்பு நடுத்திரையில் அப்படியே நின்றது. அருள்குமார் மவுஸைத் தள்ளினான், இழுத்தான், இருமு இருமு என்று இருமினான். அம்பு அசையவில்லை. முடிந்தது கதை, திருப்பூர்ப் பையனுக்கு வாழ்வு வந்துவிட்டது என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

கண்ணைத் திறந்தபோது அம்பு நகர்ந்துகொண்டிருந்தது. நகர்ந்த விதமே வேறு. அவன் கை போகும் இடத்துக்கு அதுவும் போனது. இருமத் தேவையே இல்லை, அவன் விரல் அசைந்தால் போதும், தட்டு சரியாக விழுந்தது. பூ வேலை செய்த ஓரம் ஒன்றைப் பிடித்து இழுத்து, மில்லிமீட்டர் பிசகாமல் மூலையில் கொண்டு போய் வைத்தது. தனக்காக நிஜாம் பாய் ஜும்மாவையே விட்டுவிட்டாரே என்று நினைத்தான் அருள்குமார். இப்படி ஒரு மனுஷனா என்று நெகிழ்ந்துபோனான்.

நெகிழ்ச்சி ரொம்ப நேரம் நிலைக்கவில்லை.

"நா ஒருக்காப் புடிச்சுப் பாக்கட்டுங்களா?" என்றார் அப்புசாமி.

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? மவுஸை அவர் கையில் கொடுத்தான். பழைய பத்திரிகைகளைக் காட்டலாம் என்று அவன் கீபோர்டில் தட்டித் திறந்து வைத்திருந்த பட்டியல் திரையில் இருந்தது. கனகம் காதணி விழா, சின்னாத்தாள் பூப்பு நன்னீராட்டு என்று வாடிக்கையாளர் பெயர்கள் வரிசையாக நின்றன. அப்புசாமி மவுஸைத் தூக்கிப் பார்த்தார், காதில் வைத்துப் பார்த்தார், மேஜையில் வைத்து இப்படியும் அப்படியும் தேய்த்தார். அம்பும் சொன்னபடி கேட்டு இப்படியும் அப்படியும் போனது. அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

பிறகு அவர் கை நின்றுவிட்டது. அம்பு நிற்கவில்லை.

அது மெல்லக் கீழே இறங்கியது. பட்டியலின் கடைசிக்குப் போனது. அங்கே இருந்த ஒரு பெயரைப் பார்த்ததும் அருள்குமாருக்கு உயிர் போய்விட்டது. போட்டோ வந்த அன்றைக்கு, வேலையில்லாத மத்தியானத்தில், ஆசைக்கு அடித்துப் பார்த்த ஒரு பத்திரிகை அது. வெட்கப்பட்டுப் பெயரை முழுதாக அடிக்காமல் விட்டதில் வால் வெட்டுப்பட்டு, 'லோகப்பிரி' என்று இருந்தது. அம்பு அந்தப் பெயரின் மேல் போய் நின்றது. கொஞ்சம் யோசித்தது. போனது, திரும்பி வந்தது. வேண்டாங்க பாய் என்று அவன் வாய்க்குள்ளேயே கதறினான். இரண்டு தட்டு விழுந்தது.

திரை முழுக்க மஞ்சள் நிறக் கல்யாணப் பத்திரிகை விரிந்தது. மணமகன் அருள்குமார், மணமகள் லோகப்பிரியா. தேதிக்கும் மண்டபத்துக்கும் மட்டும் இடம் விட்டிருந்தது.

தரகர் எழுந்து வாசலைப் பார்த்து நகர்ந்தார். இத்தனை உதவி செய்து கடைசியில் இப்படிக் கழுத்தை அறுத்துவிட்டாரே இந்த நிஜாம் பாய், அவருக்கு நான் என்ன கெடுதல் செய்தேன் என்று அருள்குமாருக்குத் தலை சுற்றியது. அப்புசாமி மவுஸிலிருந்து கையை எடுத்தார். தன் உள்ளங்கையைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரிகையை மேலிருந்து கீழ் வரை ஒரு எழுத்து விடாமல் படித்தார்.

"ஏனுங்க தம்பி" என்றார் கடைசியில்.

"தப்புத்தானுங்க" என்றான் அருள்குமார்.

"ஆமாங்க, தப்புத்தான். எங்க அண்ணன் பேரு உட்டுப்போச்சு. அவர் பேரைப் போடாம எங்க ஊட்டுல பத்திரிகை அடிச்சா ஊரே கேக்குமுங்க. சேத்துப்போடுங்க."

அருள்குமாருக்கு இதன் அர்த்தம் விளங்க அரை நிமிடம் பிடித்தது. தரகருக்கு உடனே விளங்கிவிட்டது, வாசலிலிருந்து ஓடி வந்தார். என் கையே போய் அந்தப் பேரைத் தொட்டிருக்குது, இதுக்கு மேல என்னங்க வேணும் என்று அப்புசாமி அவரிடம் தழுதழுத்தார். அரை மணி நேரம் உறவுமுறை பேசிவிட்டு, நல்ல நாள் பார்த்துச் சொல்லியனுப்புவதாகக் கும்பிட்டுவிட்டுப் போய்க் காரில் ஏறினார். கார் காரமடையைப் பார்த்துக் கிளம்பியது.

அருள்குமார் பாய்ந்து போய்த் திரையை விலக்கினான். நிஜாமைக் கட்டிப்பிடிப்பதா, இரண்டு வார்த்தை திட்டுவதா என்று அவனுக்கே தெரியவில்லை. இரண்டுக்கும் ஆள் இல்லை. பேப்பர்க் கட்டின் மேல் மவுஸ் மட்டும் இருந்தது, பின்கதவு திறந்து கிடந்தது.

அவன் விழித்துக்கொண்டு நிற்கும்போதே அந்தக் கதவு வழியாக நிஜாம் மூச்சிரைக்க வந்தார். தலையில் தொழுகைத் தொப்பி.

"என்னாச்சு தம்பி? பாங்கு கேட்டதும் எனக்கு இருக்க முடியலை, தப்பா நினைக்காத."

"அப்பவே போயிட்டீங்களா? அப்ப இத்தனை நேரம் இங்க உக்காந்து மவுஸைப் புடிச்சது ஆருங்க?"

"போலாமா வேண்டாமான்னு நான் தவிச்சிட்டிருக்கேன், அவங்க கார்லருந்து பாட்டிலோட தண்ணி கேட்டுப் பின்வாசல்ல வந்துச்சு, நாலு வளையல் போட்ட சின்ன அம்மணி ஒண்ணு. ஒளிக்க வழியில்லாம விஷயத்தை அப்படியே சொல்லிட்டேன். அது தனக்கும் கம்ப்யூட்டர் ஓட்டத் தெரியும்னு சொல்லிட்டு, இடுக்கு வழியா உன்னைச் சித்த நேரம் பாத்துச்சு. 'உங்க தொழுகையைக் கெடுத்துக்காதீங்கண்ணா, இனிமே இவரை நான் பாத்துக்கறேன்'னு சொல்லி மவுஸைக் கையில வாங்கிக்கிச்சு."