ஒரு தடவைதான் கேட்கிறார்கள்

மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அத்தை அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் மகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நேற்று வரை நலம். அங்கு உங்கள் முழங்கால் வலியும் மாமாவின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். ஃபோனில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் சொல்லியிருப்பேன். உங்கள் ஃபோன் எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கும். நான் தும்மினால் எதிர்வீட்டுக்காரர் நலம் விசாரிப்பார். ஆகையால் கடிதம். வந்து சேரப் பத்து நாள் ஆகுமாம். அதற்குள் நானே வந்து சேர்ந்துவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறேன்.

விஷயம் இதுதான். நாளை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒரு பேராசிரியர் என்னைத் தன் மாணவனாக ஏற்றுக்கொண்டு ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் என் இடம் ரத்து, விசா ரத்து, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அவர் போடத் தயாராகத்தான் இருந்தார். நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். திட்டாதீர்கள் அத்தை, முழுதும் படியுங்கள்.

என்னை எப்படி வளர்த்தீர்கள் நீங்களும் அம்மாவும்? "எதைக் கேட்டாலும் உடனே சரின்னு தலையாட்டாதடா, அலையறான்னு நினைப்பாங்க" என்று சொல்லித்தானே வளர்த்தீர்கள்? முதல் தடவை கேட்டால் 'வேண்டாம்', இரண்டாம் தடவை கேட்டால் 'பரவாயில்லை', மூன்றாம் தடவை கேட்டால் 'நீங்க இவ்வளவு சொல்றீங்களேன்னு'. இந்த மூன்று படி ஏறாமல் நான் யார் வீட்டிலும் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அதே பழக்கத்தோடு விமானம் ஏறி வந்துவிட்டேன். இந்த ஊரில் முதல் படியோடு மாடி முடிந்துவிடுகிறது என்று யாரும் சொல்லவில்லை.

வந்து இறங்கிய அன்றே விடுதி வார்டனம்மா ஒரு கனமான கம்பளியை எடுத்து, "இது வேணுமா?" என்று கேட்டார். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் மரியாதை விட்டுப்போகுமா? "பரவாயில்லைங்க" என்றேன். அந்தம்மா கம்பளியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவளைக் கூப்பிட்டுவிட்டார். நான் இரண்டாம் தடவை கேட்பார் என்று கொஞ்ச நேரம் ஓரமாக நின்று பார்த்தேன், கேட்கவில்லை, ரெண்டு கையிலும் காலுறையை மாட்டிக்கிட்டுப் படுத்தேன். மறுநாள் பக்கத்து அறைக்காரர் (தாடி நெஞ்சு வரை இருப்பதால் எல்லாரும் தாடி என்றே கூப்பிடுகிறார்கள்) தட்டை நீட்டி, "சாப்பிடறியா?" என்றார். விமானத்துக்கு அப்புறம் பச்சைத்தண்ணி பல்லில் படவில்லை. "இப்பதான் சாப்பிட்டேன்" என்றேன். "ஓ, சரி" என்று முழுத் தட்டையும் என் கண் முன்னாலேயே காலி பண்ணினார், பாவி மனுஷன். அதற்கு மறுநாள் குளித்துவிட்டு வந்து பார்த்தால் என் அறைக் கதவு தானாகப் பூட்டிக்கொண்டிருக்கிறது, சாவி உள்ளே, நான் துண்டோடு வெளியே. வார்டனம்மா எதிரே வந்து, "திறந்து விடணுமா?" என்கிறார். என் வாய் என்ன சொல்லுச்சு தெரியுமா? "அவசரமில்லைங்க, உங்க வேலையை முடிச்சுட்டு வாங்க." முடிச்சுட்டுத்தான் வந்தாங்க. ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு அத்தை.

இதெல்லாம் போகட்டும். நேற்று பேராசிரியரைப் பார்க்கப் போனேன். பாலங்களில் விழும் விரிசலைப் படிக்கத்தானே வந்திருக்கிறேன், அவர் அதில் பெரிய ஆள். என் தாள்களையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கு. என்கூட வேலை செய்ய விருப்பமா?" என்று கேட்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நிறைந்த நெஞ்சிலிருந்து எது வரும்? "ஐயோ, எதுக்கு சார் உங்களுக்குச் சிரமம்" என்று வந்தது. அவர் முகம் தொங்கிப்போய், "உங்க முடிவை மதிக்கிறேன்" என்று சொல்லி, பட்டியலில் என் பெயரை ஸ்கேல் வைத்து நேராக அடித்தார். நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, திரும்பக் கூப்பிடுவார் என்று நடைபாதையில் காத்திருந்தேன். விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

தாடியிடம் சொன்னேன். "பைத்தியமா உனக்கு? இங்க ஒரு தடவைதான் கேப்பாங்க. நாளைக்கே போய் வேணும்னு சொல்லு" என்கிறார். வேணும்னு சொல்லுன்னா? அவர் கேட்காமல், நானாகப் போய், வாயைத் திறந்து? எனக்குப் பயமாக இருக்கிறது அத்தை. கண்ணாடி முன்னால் நின்று 'வேணும்' என்று சொல்லிப் பார்த்தேன். விருந்து வீட்டில் அம்மா கண்ணாலேயே அடிப்பார்களே, அது ஞாபகம் வந்து குரல் உள்ளேயே போய்விட்டது. அப்பா வேறு, பையன் வெளிநாட்டில் படிக்கிறான் என்று பால்காரர் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறார். அவர் முகத்தில் எப்படி முழிப்பேன்? நீங்கள்தான் அவர் சாப்பிட்டு முடித்து நல்ல மனநிலையில் இருக்கும்போது மெதுவாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

மாமாவுக்கு என் வணக்கம். சின்னவளுக்கு அன்பு. பெரியவர்கள் எல்லாரும் இருந்த இடத்திலிருந்தே என்னை ஆசீர்வதிக்கவும், எனக்கு இப்போது அவசரத் தேவை.

நடுக்கத்துடன்,
உங்கள் மருமகன்

பின்குறிப்பு: வெள்ளி, மாலை ஆறு மணி. அப்பாவிடம் ஒரு வார்த்தை மூச்சுவிடாதீர்கள். கையெழுத்து ஆகிவிட்டது. கதவைத் தட்டினேன், அவர் நிமிர்ந்தார், அவர் வாயைத் திறப்பதற்குள் "வேணும் சார்!" என்று கத்திவிட்டேன். மனுஷன் பயந்து நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "என்ன வேணும்?" "நீங்கதான் சார்." "அப்புறம் ஏன் முந்தாநாள் வேண்டாம்னீங்க?" "இன்னொரு தடவை கேப்பீங்கன்னு நினைச்சேன் சார்." பேனாவை எடுத்து, "சரி, கேக்கறேன். என்கூட வேலை செய்ய விருப்பமா?" என்றார். 'பர' வரைக்கும் வந்த நாக்கைக் கடித்துக்கொண்டு, "விருப்பம் சார்" என்றேன்.

இன்னொன்று அத்தை. வந்த இரண்டாம் நாள் ஃபோனில், "தனியா பயமா இருக்கும்லடா, தினமும் காலையில நான் கூப்பிடட்டுமா?" என்று கேட்டீர்கள். "வேண்டாம் அத்தை, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றேன். நீங்கள் இரண்டாம் தடவை கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

இன்னொரு தடவை கேளுங்கள்.