ஏழாம் மாதம் இரண்டு தடவை வந்த வருஷம்

லூகாங்.

மதிப்பிற்குரிய அக்காவுக்கு, தம்பி சின்-தியென் பணிவோடு எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம், கடையும் சுகம். அத்தானின் முழங்கால் சுகமா?

போன வாரம் நம் மகள் பெய்-ஷானின் கல்யாணம் நின்றுபோயிற்று. நிறுத்தியது என் வாய்தான்.

நிலாக் கணக்கு வருஷா வருஷம் பத்துப் பதினோரு நாள் பின்தங்கும், அதைச் சரிக்கட்ட மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு மாதத்தை இரண்டு தடவை ஓட்டுவார்கள், இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஏழாம் மாதம், பாதாளக் கதவு திறந்து ஆவிகள் ஊர் சுற்றுவதால் யாரும் கல்யாணம் வைக்காத ஆவி மாதம், ஆகஸ்டோடு முடியும், செப்டம்பர் சுத்தம் என்று நினைத்து, பஞ்சாங்கம் அச்சாகி வருவதற்கு முன்பே மலிவாகக் கிடைத்த மண்டபத்தைப் பிடித்துவிட்டேன். பஞ்சாங்கம் வந்து பார்த்தால் இரட்டித்திருப்பது அந்த ஏழாம் மாதத்தைத்தான்! கல்யாணம் சரியாக இரண்டாவது ஏழாம் மாதத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. நான் வியாபாரி அக்கா, நஷ்டத்தில் லாபம் பார்க்கிறவன். ஆவிகளுக்கு எரிக்கும் காகிதப் பணத்தை இரண்டு மடங்கு வரவழைத்து, "இந்த வருஷம் கதவு ரெண்டு மாசமும் திறந்தே இருக்கும், ரெண்டு மாசமும் எரிக்கணும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி விற்றேன். அப்படி வாங்கிப்போனவர்களில் மாப்பிள்ளையின் அம்மா லியாவ் அம்மாளும் ஒருவர். அழைப்பிதழோடு போனேன். அந்தம்மாள் கையில்கூட வாங்கவில்லை.

"கதவு திறந்திருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க சம்பந்தி? ஆவிங்க ஊர் சுத்துறப்ப எம்புள்ளைக்குக் கல்யாணமா?"

"அது கடையில சொல்றது சம்பந்தியம்மா."

"ஓஹோ! அப்ப எங்கிட்ட வித்த ரெண்டு மூட்டையும் கடையில சொல்றதுதானா?"

மண்டபக்காரன் தேதியை மாற்ற மாட்டேன் என்கிறான். பெய்-ஷான் சாப்பிடாமல் கதவைச் சாத்திக்கொண்டாள். கோயிலுக்கு ஓடி பூசாரியைக் கேட்டேன்.

"கூட்டின மாசத்துல ஆவிங்களுக்கு லீவு கிடையாதுய்யா. முதல் மாசத்தோட கதவைச் சாத்தியாச்சு. இதை உங்க கடைக்கு வந்து சொல்லலாம்னு இருந்தேன், வியாபாரத்தைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

அவரையே சம்பந்தி வீட்டுக்கு இழுத்துப்போனேன். அந்தம்மாள் முழுவதும் கேட்டுவிட்டு, "பூசாரி சொல்லிட்டார், சரி. இதையே நீங்க உங்க கடை வாசல்ல எழுதி வைங்க, ஊரே படிக்கட்டும். அப்புறம் கல்யாணம்" என்றாள். வைத்தேன். வெள்ளைப் பலகை, சிவப்பு எழுத்து. காலையிலிருந்து ஊரே மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறது. காகிதப் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு நிஜப் பணத்தைக் கொடுக்கிற கை யாருடையது என்று நினைக்கிறீர்கள்?

ஆகவே ரயில் டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம். கல்யாணம் குறித்த நாளில்தான். முன்னோர் அருளால் நீங்களும் அத்தானும் நோய்நொடியில்லாமல் வந்து சேர வேண்டும்.

தம்பி,
சின்-தியென்

பின்குறிப்பு: உறை ஒட்டும் நேரத்தில் பெய்-ஷான் வந்து சொல்கிறாள், தானும் மாப்பிள்ளையும் கோர்ட்டில் ஏற்கெனவே கல்யாணக் கையெழுத்துப் போட்டாயிற்றாம். அதுவும் முதல் ஏழாம் மாதத்திலேயே, கதவு அகலத் திறந்திருந்தபோது! "அன்னிக்குத்தான்பா கூட்டமே இல்லை" என்கிறாள். லியாவ் அம்மாள் காதுக்குப் போகாமல் இருக்க மாப்பிள்ளையிடம் பேசி முடித்துவிட்டேன்: நான் வாய் திறப்பதில்லை, திரும்பி வந்த காகிதப் பணம் முழுவதையும் அடுத்த ஏழாம் மாதத்துக்குள் அவரே விற்றுத் தர வேண்டும், கமிஷன் கிடையாது.