அக்குளில் ஒரு பாட்டில்

கிரேன் ஆபரேட்டரால் இடது கையைத் தூக்க முடியவில்லை. அக்குளில் மச்சானின் சிறுநீர் இருந்தது, குட்டி பாட்டிலில்.

இருபது மாடி உயரத்தில் உட்கார்ந்து இரும்பு தூக்கும் வேலை. போதைப் பரிசோதனையில் தேறினால்தான் சேர்ப்பார்கள். போன ஞாயிற்றுக்கிழமை கூட்டாளி வீட்டில் இழுத்த கஞ்சாவோ இன்னும் அவர் உடம்பில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. எட்டு மாதமாக வேலையில்லை. இதுவும் போனால் வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. மனைவிதான் தன் தம்பியைக் கைகாட்டினாள்.

"அவன் டீகூட குடிக்கமாட்டான். வயித்துப்புண்."

காத்திருப்பு அறையில் ஏழு பேர். ஏழு பேருமே இடது கையை விலாவோடு ஒட்டி வைத்திருந்தார்கள். அவரும் தன் கையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

சிறுநீர் ஆறிப்போயிருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று, பாட்டிலோடு ஒரு வெந்நீர்ப் பையையும் சேர்த்துக் கட்டியிருந்தார். அதுவே வினையாகிவிட்டது.

கழிவறையில் பாட்டிலைக் கவிழ்த்து நிரப்பிய கோப்பையை நீட்டினார். டெக்னீசியன் அதில் ஒட்டியிருந்த வெப்பப் பட்டையைப் பார்த்தார். "நாப்பத்திநாலு டிகிரி. இந்தச் சூட்டுக்கு நீங்க இந்நேரம் செத்திருக்கணுமே?"

"எனக்கு எப்பவுமே உஷ்ண உடம்பு சார்."

டெக்னீசியன் அவர் நெற்றியைத் தொட்டார். "ஐஸா இருக்கு."

"சூடெல்லாம் உள்ளுக்குள்ள சார்."

டெக்னீசியன் மாதிரியை மெஷினில் வைத்தார். முடிவுச் சீட்டு வந்தது. இழுப்பறையிலிருந்து பழைய சீட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றாக மேஜையில் பரப்பினார். மேஜை நிறைந்துவிட்டது.

"முப்பத்தாறு பேர். எல்லார் உடம்புலயும் அதே வயித்துப்புண் மாத்திரை."

ஆபரேட்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "மச்சானோடது சார்... மன்னிச்சிடுங்க. புள்ளைகுட்டிக்காரன்."

டெக்னீசியன் கண் கொட்டாமல் அவரையே பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்து 'தகுதி' என்று ஓங்கிக் குத்தினார்.

"நாளைக்குக் காலையில மேல ஏறிடுங்க."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கால் வீட்டுப் பக்கம் போகவில்லை. வாசலில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற அட்டெண்டரிடம் கிசுகிசுத்தார்: "தெரிஞ்சும் ஏன்பா விட்டுட்டாரு?"

"அவரு மட்டுமா சார்? கையெழுத்துப் போட்ட டாக்டர், கிரேனைச் சரிபார்த்த இன்ஜினியர், நாளைக்குக் கீழே நின்னு உங்களுக்குச் சைகை காட்டப்போறவர், எல்லாருமே உங்க மச்சான் பாட்டிலைக் குடுத்து வேலைக்குச் சேர்ந்தவங்கதான்!"