ஒரு காக்கா பொம்மையின் உலக உரிமை

கார்ட்டூன் படம் எடுக்கிற இடத்தில் இரண்டு வகை ஆட்கள் இருப்பார்கள். வரையத் தெரிந்தவர்கள் ஒரு வகை. வரையத் தெரியாததால் கருத்துச் சொல்கிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாம் வகையில் முதல் வகுப்பு. என்னால் ஒரு நேர்க்கோடு போட முடியாது. ஆனால் அந்தக் கோட்டை எந்த ஓடிடியில், எந்த நாட்டில், எந்த டிபன் பாக்ஸ் மூடியில் விற்கலாம் என்று கேட்டால் மூச்சு விடாமல் பேசுவேன். (மூச்சு விடச் சொல்லி யாரும் கேட்டதில்லை. நிறுத்தச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள்.)

விஸ்காம் முடித்த கையோடு, ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் இருந்த சின்ன அனிமேஷன் ஸ்டுடியோவில் சேர்ந்தேன். முதலாளி, இயக்குநர், காபி போடுபவர் மூன்றுமே மாலதி மேடம்தான். அவர் வருடக்கணக்கில் ஒரே படத்தை வரைந்துகொண்டிருந்தார். கதாநாயகன், கிட்டு என்கிற காக்கா. கிட்டு கூடு கட்டிய மரத்தை வெட்டிவிடுகிறார்கள். அது ஊரெல்லாம் அலைந்து, கடைசியில் ஒரு மின்கம்பியில் உட்கார்ந்து மழையைப் பார்க்கிறது. அவ்வளவுதான் கதை. கடைசிப் பத்து நிமிடம் வசனம் கிடையாது, பாட்டு கிடையாது. காக்கா, கம்பி, மழை. முதல் தடவை பார்த்தபோது நான் தேம்பித் தேம்பி அழுதேன். அழுதுகொண்டே, "மேடம், இதை எங்க விக்கப் போறீங்க?" என்று கேட்டேன். அன்றிலிருந்து அங்கே எனக்குப் பெயர் 'மார்க்கெட்டிங்'.

கிட்டுவுக்கு மாடல்கள், எங்கள் மொட்டை மாடிக்கு வரும் காக்காக்கள். மேடம் அவற்றுக்குத் தினமும் இட்லியும் மிக்சரும் வைப்பார். அவை தின்னும்போது உட்கார்ந்து வரைவார். (எங்களுக்குச் சம்பளம் தள்ளிப்போனதுண்டு. காக்காக்களுக்கு டிபன் தள்ளிப்போனதே இல்லை.)

படம் முடிந்தது. பணம் அதற்கு முன்பே முடிந்திருந்தது. யாராவது வாங்காவிட்டால் ஸ்டுடியோவைக் காலி செய்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் போக வேண்டியதுதான். கிட்டு ஹார்ட் டிஸ்க்குக்குள்ளேயே கிடப்பான். வாங்க வந்தது ஒரே ஒரு ஓடிடி தளம். (வீட்டில், "ஒரு பெரிய தளத்தோட பேசிட்டிருக்கோம்ப்பா" என்று பெருமையாகச் சொன்னேன். "எத்தனாவது தளம்? லிஃப்ட் இருக்கா?" என்றார் அப்பா.)

அந்தத் தளத்தின் சார்பில் வீடியோ காலில் வந்தவர் சித்தார்த். அடையாறில் பிறந்து மும்பையில் பழுத்தவர்.

"படம் அப்படியே மனசைத் தொட்டுடுச்சு மேடம். சின்னதா ரெண்டே விஷயம். கடைசிப் பத்து நிமிஷத்தை ஒரு நிமிஷமாக்கிடலாம், எப்படியும் எல்லாரும் தள்ளிவிட்டுடுவாங்க. அப்புறம், காக்காவைக் கிளியா மாத்திடலாமா? பொம்மை, ஸ்கூல் பேக், டிபன் பாக்ஸ் எல்லாம் நாங்களே போடறதா இருக்கோம். கறுப்பு போகாது மேடம். பச்சைன்னா பிச்சுக்கும்."

"கிளி கம்பியில உக்காந்து மழையைப் பார்த்தா அது துக்கம் இல்ல தம்பி. காலண்டர்," என்றார் மேடம். வீடியோவை அணைத்தார்.

ஸ்டுடியோ மொத்தமும் கை தட்டியது. நான் தட்டவில்லை. வெளிநாட்டுப் பெரிய ஸ்டுடியோக்கள் படத்தில் சம்பாதிப்பதைவிடப் பொம்மையில் சம்பாதிக்கிற கதைகளை ராத்திரியெல்லாம் யூடியூபில் பார்த்து, நான் வேறு ஒரு ஞான நிலையில் இருந்தேன்.

"மேடம், நீங்க தப்பான இடத்துல சண்டை போடறீங்க. படம் எல்லா வீட்டுக்கும் போகணும், அதை அவங்களுக்குக் குடுத்துடுங்க. பொம்மை உரிமையை மட்டும் விடாதீங்க. நாமளே கிட்டு பொம்மை போடறோம். அதைக் கண்ணால பார்த்தா, கிளி பேச்சையே விட்டுடுவாங்க."

"கிட்டு பொம்மையை எவன் வாங்குவான்?"

"எல்லாரும்! உலகம் பூரா!"

நான் அதுவரை தாண்டிய எல்லை தாம்பரம்.

மேடம் யோசித்தார். வாடகை கேட்டு வீட்டுக்காரர் அன்று காலைதான் வந்துவிட்டுப் போயிருந்தார். "சரி, செய். ஆனா பொம்மை நிஜக் காக்கா மாதிரியே இருக்கணும். சிரிக்கக் கூடாது. கழுத்துல சாம்பல், மத்ததெல்லாம் கறுப்பு. ஒரு இறகு கோணினாலும் உன்னைக் கம்பியில உக்கார வெச்சுடுவேன்."

தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், துணிப் பொம்மை தைக்கும் பாய் ஒருவரைப் பிடித்தேன். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"இன்னா பாப்பா இது, காக்கா! கரடி போடேன். கரடின்னா சூப்பரா ஓடும்."

"காக்காதான் வேணும் பாய்."

"சரி, ஒரு சிரிப்பாவது வெக்கட்டா? இமை போட்டா சோக்கா இருக்கும். இப்டியே உட்டா புள்ளைங்க அலறிக்கினு ஓடும்."

"சிரிப்பு கூடாது பாய். இது கலை."

"கலையா? அப்ப கூட ரெண்டு நாள் ஆவும்," என்றார்.

சித்தார்த் தன் அம்மாவைப் பார்க்க அடையாறு வந்திருந்தார். நான் மறுபடி போனில் கெஞ்சியதும், ஒரு சனிக்கிழமை மாலை நேரிலேயே வருவதாகச் சொன்னார். "மொட்டை மாடியிலேயே பேசுவோம். காக்காவை நேர்ல பார்க்கட்டும், அப்புறம் கிளின்னு சொல்ல வாய் வராது," என்றார் மேடம். அன்று மத்தியானம் நான் பொம்மைகளை வாங்கப் போனேன். பாய் மனிதர் இல்லை, மாயாவி. பளபளக்கும் கறுப்பு, கழுத்தில் சாம்பல், உலகத்தையே வெறுத்த பார்வை. ஒரே ஒரு குறை, கம்பிக் கால்களில் நிற்க மாட்டேன் என்றன. பரவாயில்லை என்றேன். எல்லாவற்றையும் சேர்த்து, கோழி விற்பவர்கள் செய்வதுபோல் காலில் சணல் கட்டித் தலைகீழாகக் கொடுத்தார். ஸ்கூட்டியின் கொக்கியில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஆழ்வார்பேட்டை சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார்.

"யம்மா, கோழிக்குச் சாயம் அடிச்சிக்கினு எங்க போற?"

"கோழி இல்லண்ணா. காக்கா. பொம்மை."

"நீ பொம்மைன்ற. மேல கீறவங்களுக்குத் தெரியுமா அது?"

மேலே பார்த்தேன். சிக்னல் கம்பத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்தில் மூளையுள்ள எவரும் ஒரு துணிப்பையை வாங்கிப் பொம்மைகளை மூடியிருப்பார்கள். செத்த காக்காவைக் கையில் தொங்கவிட்டவரை மற்ற காக்காக்கள் என்ன செய்யும் என்பது சென்னையில் நடக்கிற குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அன்று என் மனதில் ஓடியது ஒன்றுதான்: 'அடடா, காக்காவே நம்பிடுச்சு! இதைவிட என்ன சர்ட்டிபிகேட் வேணும்?' சித்தார்த்திடம் சொல்ல வேண்டும் என்று ஸ்கூட்டியை முறுக்கினேன். பின்னாலேயே அவர்களும் வந்தார்கள்.

நான் மாடியேறியபோது பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. சித்தார்த் கையில் காபி, மடியில் லேப்டாப். மேடத்தின் முகத்தில், நான் பார்த்தறியாத ஒரு சிரிப்புகூட இருந்தது. (பிறகு தெரிந்தது: பத்து நிமிடத்தை ஏழாகக் குறைத்தால் போதும் என்பதுவரை சித்தார்த் இறங்கி வந்திருந்தாராம்.)

"சார்!" என்றேன். காலைப் பிடித்து, கொத்தாக, தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். "இதுதான் கிட்டு!"

அந்த மாடியில் தினமும் இட்லி தின்கிற கூட்டமும், ஆழ்வார்பேட்டையிலிருந்து துக்கம் விசாரிக்க வந்த கூட்டமும் அந்தக் கணத்தில்தான் ஒன்று சேர்ந்தன.

முதல் கொத்து என் மண்டையில். இரண்டாவதும் அங்கேயே. வானம் கறுத்துவிட்டது. "பொம்மை! பொம்மை!" என்று காக்காக்களிடம் கத்தினேன். புரியவில்லையோ என்று ஆங்கிலத்திலும் கத்தினேன்.

"கீழ போடு! அதைக் கீழ போட்டுத் தொலைடி!" மேடம் அலறினார்.

போட்டிருக்கலாம். ஆனால் உலக உரிமை என் கையில் இருந்ததே! மார்போடு அணைத்துக்கொண்டு, ஒளிய இடம் தேடி, நேராக சித்தார்த்திடம் ஓடினேன். அவர் எழுந்து ஓடினார். நான் துரத்தினேன். என்னைக் காக்காக்கள் துரத்தின. தண்ணீர்த் தொட்டியை இரண்டு சுற்றுச் சுற்றிய பிறகு அவர் நடுமண்டையில் ஒன்று இறங்கி உட்கார்ந்து, அவசரமில்லாமல் கொத்தியது. நாற்காலியில் அவர் விட்டுப்போன லேப்டாப் திறந்தே இருந்தது. அதில் பச்சைப் பசேல் என்று ஒரு கிளி. அதை ஒரு காக்காவும் சீண்டவில்லை.

மாடிப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேரும் இருட்டில் நின்றோம். சட்டைப் பையில் காபி, தலையில் எச்சம். மேடத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் வருடங்கள் மொத்தமும் அந்தக் கதவுக்கு வெளியே கரைந்துகொண்டிருந்தன.

சித்தார்த் தலையைத் தடவி, விரலைப் பார்த்தார். ரத்தம்.

"இதுக்குத்தான் மேடம் கிளின்னோம்," என்றார். இறங்கிப் போய்விட்டார்.

மேடம் என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. உள்ளே போய் அட்டைப்பெட்டிகளில் சாமான்களை அடுக்க ஆரம்பித்தார். நானும் போய் அடுக்கினேன். "அதைத் தொடாதே," என்றார். அன்று பேசியது அவ்வளவுதான்.

எதிர்வீட்டு மாமா ஒருவர் அன்று மாலை மாடியில் வாக்கிங் போய்க்கொண்டிருந்திருக்கிறார். கையில் போன். மறுநாள் காலை நான் கண் விழித்தபோது, நான் எல்லா வீட்டிலும் இருந்தேன். எந்தத் தளமும் ஏற்பாடு செய்யாமல், எந்தக் கட்டணமும் இல்லாமல், ஒரு பாட்டோடு சேர்த்து, மெதுவாக ஓடும் பதிப்பிலும் கிடைத்தேன். கல்லூரி குரூப்பில் என் முகம் ஸ்டிக்கராகியிருந்தது. எங்கள் ஸ்டுடியோ ஆள் யாரோ வீடியோவுக்குக் கீழே படத்தைப் பற்றி எழுதிவிட, எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றே: 'அந்தக் காக்கா படம் எப்ப வருது?'

அந்த வாரக் கடைசியில் சித்தார்த் அழைத்தார். குரலில் தேன்.

"மேடம், காக்காவே இருக்கட்டும். காக்காவே நம்பின காக்கான்னு ஒரே பேச்சு. அந்தப் பத்து நிமிஷமும் அப்படியே இருக்கட்டும். பொம்மை உரிமை மட்டும்..." இங்கே அவர் குரல் லேசாக நடுங்கியது. "அதை நீங்களே வெச்சுக்குங்க. ஒரேயொரு சின்ன விஷயம். முகப்புப் படத்துல கிட்டு வேண்டாம். அந்தப் பொண்ணு வாயைத் திறந்துக்கிட்டு, தலையில காக்காவோட நிக்கிறா பாருங்க, அதைப் போட்டா எல்லாரும் அமுக்கிடுவாங்க."

நான் பதறி எழுந்தேன். "மேடம், அது என் முகம்! என்னைக் கேக்காம எப்படி? ஆங்கிளே சரியில்ல, மூக்கெல்லாம்..."

மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். காக்காவை வரையும்போது பார்க்கிற அதே பார்வை.

"படத்துல ஒரு இடத்துலயும் கை வெக்கக் கூடாது தம்பி," என்றார் போனில். "இவ முகத்துல எங்க வேணா வெச்சுக்கோ."

கிட்டு இன்று பத்து நிமிடமும் குறையாமல் மழை பார்க்கிறான். ஆனால் அவனைப் பார்க்க, முதலில் என் வாயில் விரலை வைத்து அமுக்க வேண்டும். நான் ஏதோ சினிமாவில் நடித்துவிட்டதாகப் பெசன்ட் நகர் அத்தை இன்றும் நம்புகிறார். "மேக்கப்தான் கொஞ்சம் கம்மி," என்பது அவருடைய விமர்சனம்.

மனிதர்களாவது பரவாயில்லை. ராஜா அண்ணாமலைபுரத்துக் காக்காக்கள், மயிலாப்பூரில் எங்கள் தெருக் காக்காக்களுக்கும் என் அடையாளத்தைச் சொல்லி அனுப்பிவிட்டன. அமாவாசையன்று அப்பா மாடிச் சுவரில் இலை போட்டு, சோறு வைத்து, "கா... கா..." என்று கூப்பிடுவார். ஒன்று வரும். இலையைப் பார்க்கும். துணி உலர்த்திக்கொண்டிருக்கும் என்னைப் பார்க்கும். பறந்துவிடும்.

"இன்னும் எடுக்கலியா? எல்லாருக்கும் பசிக்குது!" என்று கீழிருந்து அம்மா குரல் கொடுப்பார்.

அப்பா பெருமூச்சோடு என் பக்கம் திரும்புவார்.

"நீ உள்ள போம்மா. உங்க தாத்தா சாப்பிடணும்."