முதுகைத் தவிர எல்லாம் நலம்

"இனி இந்த வீட்டில் வியாதி என்ற பேச்சே எழக் கூடாது!"

சனிக்கிழமை ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாக இப்படிப் பிரகடனம் செய்தேன். அன்று ஒரு டாக்டர் எங்கள் ஆபீஸுக்கு வந்து பேசினார். மனிதனுக்கு வியாதி ஏன் வருகிறது என்று குடைவதைவிட, அவனை நலமாக வைத்திருப்பது எது என்று பார்க்க வேண்டுமாம். பாதித் தூக்கத்தில் கேட்டாலும் பளிச்சென்று மனசில் பதிந்துவிட்டது.

"எப்பப் பாரு, எங்க வலிக்குதுன்னே கேக்கறியே, எது நல்லா இருக்குன்னு என்னிக்காவது கேட்டியா?" என்றேன் மனைவியிடம்.

"இல்லீங்க. இனிமே அப்படியே கேக்கறேன்."

இவ்வளவு சுலபமாக அவள் ஒப்புக்கொண்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் ஞாயிறு. ஜன்னலை மறைக்கும் பீரோவை நகர்த்தச் சொல்லி மாதக்கணக்கில் நச்சரிக்கிறாள். அவள் அம்மா வீட்டு பீரோ, யானைக்குட்டி கனம். டி.வி.யிலோ இறுதி ஆட்டம். முதுகைப் பிடித்துக்கொண்டு, 'ஐயோ அம்மா' என்று சோபாவில் சரிந்தேன்.

வழக்கமாகத் தைலமும் தலையணையும் வரும். அன்று அவள் மட்டும் வந்தாள்.

"கை எப்படிங்க இருக்கு?"

"கை நல்லாத்தான் இருக்கு. முதுகுதான்..."

"முதுகை விடுங்க. கை நல்லா இருக்கே!"

மடியில் ஒரு கூடை வெங்காயம் வந்து விழுந்தது. அழுதுகொண்டே உரித்தேன்.

"காது?"

"அதுக்கென்ன, நல்லாத்தான் கேக்குது."

"அப்ப எங்க பெரியம்மாகிட்ட பேசுங்க. போன்ல காத்திருக்காங்க."

பெரியம்மா தன் வியாதிகளைத் தலையிலிருந்து ஆரம்பித்தார். முழங்காலுக்கு வருவதற்குள் ஆட்டத்தில் பாதி போய்விட்டது.

எதிர்வீட்டு டெய்லர் எட்டிப் பார்த்தார். "கூப்பிட்டீங்களாம்மா? சாருக்கு என்ன உடம்புக்கு?"

"முதுகைத் தவிர எல்லாம் பிரமாதமா இருக்குண்ணே."

"கண்ணுமா?" டெய்லர் முகம் மலர்ந்தது. சட்டைப்பையிலிருந்து ஊசிகளும் நூல்கண்டும் வெளியே வந்தன. "கொஞ்சம் கோத்துக் குடுங்க சார். எனக்குப் பார்வை மங்கலாயிடுச்சு."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "போதும்! முதுகு வலியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. சும்மா சொன்னேன். என்னை ஆட்டம் பாக்க விடுங்க!"

அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அப்பாடா! முதுகும் நல்லா இருக்கா?"

பிறகு டெய்லரிடம் திரும்பினாள்.

"அண்ணே, பீரோவை நகர்த்தத்தான் உங்களைக் கூப்பிட்டேன். இனி இவரே பாத்துக்குவாரு. நீங்க இப்படி சோபாவுல உக்காந்து மேட்ச் பாருங்க."